21 நாளில் பழக்கம் படியுமா?

கேள்வி: எனக்கு 59 வயது. தேவகோட்டையில் பெரிய வீட்டில் நானும் கணவரும் மட்டும் இருக்கிறோம். சர்க்கரைக்கு எட்டு ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். எங்கள் நகரத்தார் வழக்கமான 21 நாள் பிள்ளையார் நோன்பு முடிந்த கையோடு புதுப் பழக்கங்களைத் தொடங்கினேன்: விடியற்காலை நான்கு மணிக்கு எழுவது, பச்சைத் தண்ணீர்க் குளியல், நாட்குறிப்பு, 10,000 காலடி நடை. 21 நாள் செய்தால் பழகிவிடும் என்றார்கள். பத்து நாளில் எல்லாம் நின்றுவிட்டது. இரவு நியூ ஜெர்சியிலிருந்து மகன் அழைப்பான். பேசிவிட்டுப் படுக்க 11.30 ஆகும். பகலெல்லாம் அசதி, மதியம் இரண்டு மணி நேரம் தூங்கிவிடுகிறேன். எனக்கு மன உறுதி போதவில்லையா?

பதில்: அப்படியில்லை ஆச்சி. 11.30-க்குப் படுத்து நான்கு மணிக்கு எழுந்தால் தூக்கம் நாலரை மணி நேரம்தான். உங்கள் வயதில் ஏழு மணி நேரமாவது வேண்டும். பத்து நாள் தாக்குப்பிடித்ததே பெரிது. இரவில் கொடுக்காததை உடம்பு மதியம் கூடத்துப் பட்டாலையில் வட்டியோடு வசூலித்துக்கொண்டது. அந்த மதியத் தூக்கம் மறுபடி இரவுத் தூக்கத்தைக் கெடுத்தது. இதில் மன உறுதிக்கு என்ன வேலை?

நோன்புக்கு 21 நாள் சரி. சஷ்டித் திதியும் சதய நட்சத்திரமும் கூடும் நாளில், மாவில் வைத்து ஏற்றிய நூல் திரியான இழையை எடுத்துக்கொண்டால் முடிந்தது. பழக்கத்துக்கு அப்படி ஒரு முடிவு நாள் கிடையாது. 1960-இல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் அறுவை மருத்துவர், அறுவைக்குப் பின் நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று எழுதினார். முகத்தைப் பற்றிச் சொன்னதை எல்லாவற்றுக்கும் பொருத்திவிட்டார்கள். பிற்பாடு லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் ஆராய்ந்தபோது, ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 முதல் 254 நாள் வரை. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டமும் இல்லை. 10,000 காலடியும் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடையளக்கும் கருவியின் பெயரில் இருந்த எண்தான். மருத்துவர் யாரும் கணக்கிட்டுச் சொன்னதல்ல.

நாட்குறிப்பு பிடித்தால் எழுதுங்கள், பிடிக்காவிட்டால் வேண்டாம். பச்சைத் தண்ணீர்க் குளியலை நான் யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை.

இப்போதைக்கு ஒன்றே ஒன்று: தினமும் ஒரே நேரத்தில் எழுவது. ஆறு மணி போதும். அதற்கு முதலில் மகனின் அழைப்பை நகர்த்த வேண்டும். நமக்குக் காலை ஏழு மணி என்றால் அங்கே முந்தைய இரவு எட்டரை அல்லது ஒன்பதரை. அவர் வேலை முடித்து வீட்டில் இருக்கும் நேரம், பேரப்பிள்ளைகளும் உடன் இருப்பார்கள். கேட்டுப் பாருங்கள், மறுக்கமாட்டார். பத்தரைக்குள் நீங்கள் படுத்துவிடலாம்.

காலைக் காப்பியை இருட்டான உள்கட்டில் குடிக்காமல் வளவு முற்றத்து வெளிச்சத்தில் உட்கார்ந்து குடியுங்கள். உடலின் கடிகாரத்தைச் சரிசெய்வதில் காலை ஒளிக்கு இணையானது குறைவு. மாலைப் பலகாரத்தோடு காப்பி வேண்டாம். ஐந்து மணிக்குக் குடித்த காப்பி இரவு பத்து மணிக்கும் பாதியளவு உடலில் நிற்கும். மதியம் படுப்பதானால் மூன்று மணிக்குள், அலாரம் வைத்து, அரைமணி நேரம் மட்டும்.

இது படிந்த பிறகு நடை. சாப்பிட்டுக் கை கழுவியதும் பத்து நிமிடம் முகப்பிலிருந்து பின்கட்டு வரை போய் வாருங்கள். தெருவுக்குத் தெரு நீளும் வீடு உங்களுடையது என்றால் வெயிலும் மழையும் சாக்காகாது. சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையும் இதனால் மட்டுப்படும்.

பிள்ளைகள் தொலைவில் இருக்கும் வீடுகளில் நான் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மனச்சோர்வோ, எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறதா? ஆம் என்றால் அது பழக்கத்தால் சரியாகும் விஷயமல்ல, மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநல உதவியும் இலவசமாகக் கிடைக்கிறது.

அசதிக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். அடுத்த முறை சர்க்கரை பார்க்கும்போது பி12, ஹீமோகுளோபின், தைராய்டு மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். பாதத்தில் எரிச்சலோ மரத்துப்போதலோ இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அது சர்க்கரையாலும் வரும், பி12 குறைவாலும் வரும்.