அக்காவின் சீட்டும் நாலு பாட்டும்

கேள்வி: நான் தங்கச்சிமடத்தைச் சேர்ந்தவன். வயது 24. இறால் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். நண்பர்கள் நால்வர் சேர்ந்து, ‘பங்க்’ என்ற முரட்டு ராக் இசைக்குழு நடத்துகிறோம். நாலு பாட்டுகளோடு முதல் ரெக்கார்டைக் கொண்டுவரப் போகிறோம். சென்னை ஸ்டூடியோவில் இரண்டு நாள் எடுத்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது என் எண்ணம். விசைப்படகில் வேலை செய்யும் டிரம்மரோ, மீன்பிடித் தடைக்காலத்தில் பாம்பனில் காலியாகக் கிடக்கும் ஐஸ் அறையே போதும் என்கிறான். இதனால் குழுவே உடையும் நிலை. 300 வினைல் இசைத்தட்டுகள் அடிக்கவும் ஆசை. பணத்துக்குக் கவலை இல்லை. பாசிக்குப் போகும் என் அக்கா நவம்பரில் போட்ட 50,000 ரூபாய், 20 மாதச் சீட்டை நாலாவது மாதத்திலேயே ஏலத்தில் எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் 35,000 ரூபாயைக் கையில் கொடுத்துவிட்டாள். ஸ்டூடியோவுக்கு இன்னும் முன்பணம் கட்டவில்லை. அக்கா மகள் 11ஆம் வகுப்புப் படிப்பதால் வீட்டில் ஒத்திகைக்கும் வழியில்லை. யாருக்கும் கடன்படாத இசை எங்களுடையது என்பதை ஊருக்கு எப்படிப் புரியவைப்பது? சென்னையா, பாம்பனா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர் (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: தம்பி, குழு உடைந்துவிடுமோ என்ற பயத்தோடு எழுதப்படும் கடிதங்கள் இந்தப் பகுதிக்கு ஓயாமல் வருகின்றன, இசைக்குழுவின் இடத்தில் குறும்படமோ கூட்டுக் கடையோ இருக்கும், மற்றபடி எல்லாம் ஒன்றுதான். குழு நிலைக்கும், ஊர் ஒருநாள் புரிந்துகொள்ளும் என்றெல்லாம் எழுதி உங்களைத் தேற்றும் எண்ணம் எனக்கு இல்லை. டிரம்மரோடு நடந்த வாக்குவாதத்துக்கு உங்கள் மூலக் கடிதத்தில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள்; பணத்தைப் பற்றி எழுதியதோ போகிற போக்கில் இரண்டு வரி. கவலை இல்லை என்கிறீர்களே, யாருக்குக் கவலை இல்லை?

கம்பெனியில் கணக்கு எழுதும் அதே கையால் இதையும் எழுதிப் பாருங்கள். 20 பேர், மாதம் 2,500 ரூபாய், மொத்தம் 50,000. நாலாவது மாதத்திலேயே சீட்டு வேண்டுமென்றால், முட்டி மோதும் மற்றவர்களைவிட அதிகமாகத் தள்ளி, அதாவது முழுத் தொகையில் அதிகமாக விட்டுக்கொடுத்துக் கேட்க வேண்டும். உங்கள் அக்கா 15,000 ரூபாய் தள்ளித்தான் 35,000 ரூபாயைப் பெற்றிருக்கிறார். மிச்சமுள்ள 16 மாதங்களும் அவர் தவணை கட்டியாக வேண்டும். மற்றவர்கள் தள்ளும் பணத்திலிருந்து வரும் கழிவால் அந்தத் தவணை கொஞ்சம் குறையும். கடைசி மாதங்களில் அந்தக் கழிவும் அற்பமாகிவிடும். கழிவைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அவர் இனிமேல் கட்ட வேண்டியது 40,000 ரூபாய். சீட்டை எடுத்தவர் தவணையை நிறுத்தினால், ஜாமீன் நின்றவர் வாசலில் வந்து நிற்பார் என்பதையும் நீங்கள் அறிவீர்கள்.

இதே சீட்டைக் கடைசி வரை எடுக்காமல் பொறுத்திருந்தால் ஏறக்குறைய முழுத் தொகையும் கைக்கு வந்திருக்கும். அந்தக் கடைசி மாதம் எது என்று எண்ணிப் பார்த்தீர்களா? நவம்பரில் தொடங்கிய 20 மாதச் சீட்டு அடுத்த ஆண்டு ஜூன் மாதம் முடிகிறது. இன்று 11ஆம் வகுப்பில் இருக்கும் பெண், பள்ளியை முடித்துக் கல்லூரியில் காலடி வைக்க வேண்டியதும் அதே ஜூன் மாதத்தில்தான். ஒத்திகைக்கு இடைஞ்சல் என்று நீங்கள் ஒரு வரியில் குறிப்பிட்ட அந்தப் பெண்ணின் கல்லூரிக் கட்டணத்தைத்தான் உங்கள் அக்கா தூக்கிக் கொடுத்திருக்கிறார் என்று நான் ஊகிக்கிறேன். தெரியாது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கேட்கவில்லை என்று எழுதுங்கள்.

பாசிக்குப் போவது என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிய பாறைப் பகுதிகளில் மூச்சை அடக்கி மூழ்கி, கல்லோடு ஒட்டியிருக்கும் பாசியைக் கையால் பறித்து, இடுப்பில் கட்டிய பைக்குள் திணித்துக்கொண்டு மேலே வர வேண்டும். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டாலும் கல் கிழிக்காமல் விடுவதில்லை. 1986 முதல் அந்தத் தீவுகள் தேசியப் பூங்காவாக இருப்பதால் வனத்துறைக்கும் பயந்து நடக்க வேண்டியிருக்கிறது. பாசி மறுபடி தழைக்க வேண்டும் என்பதற்காகப் பெண்கள் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டு, மாதத்தில் சுமார் 12 நாட்கள்தான் கடலில் இறங்குகிறார்கள். அந்த வருமானத்தில் வீட்டுச் செலவு போக ஒதுக்கப்படுவதுதான் சீட்டின் 2,500 ரூபாய்.

யாருக்கும் கடன்படாத இசை என்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் இந்த இரைச்சலைக் கேட்டே வளர்ந்த ஒரு பிள்ளை இருப்பதால் அதன் வரலாறு எனக்கும் கொஞ்சம் தெரியும். மான்செஸ்டரைச் சேர்ந்த பஸ்காக்ஸ் குழு, ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ என்ற தன் முதல் ரெக்கார்டை 1976 டிசம்பர் 28 அன்று ஒரே நாளில் பதிவு செய்தது. உங்களைப் போலவே நாலு பாட்டுதான். பெரிய கம்பெனி எதையும் நாடாமல், தாங்களே தொடங்கிய நியூ ஹார்மோன்ஸ் என்ற பெயரில் 1977 ஜனவரியில் அதை வெளியிட்டார்கள். அதற்குத் தேவைப்பட்ட 500 பவுண்டு, நண்பர்களிடமும் வீட்டாரிடமும் வாங்கிய கடன். கொடுத்தவர்களில் குழுவின் பீட் ஷெல்லியுடைய தந்தையும் ஒருவர். கடன் என்று சொல்லி வாங்கினார்கள், பின்னாளில் கடன் என்றே சொன்னார்கள், அதனால் அவர்களுடைய சுதந்திரத்துக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை. முதலில் 1,000 தட்டுகள்தான் அடித்தார்கள். எந்தப் பாட்டு எத்தனையாவது முறை வாசித்தபோது பதிவானது, அதன்மேல் பிறகு எதைச் சேர்த்தார்கள் என்பதைக்கூட அட்டையில் அச்சிட்டுவிட்டார்கள். அவ்வளவு ஒளிவுமறைவு இல்லாத ஒரு மரபைக் கொண்டாடும் நீங்கள், அக்காவின் கணக்கை எந்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறீர்கள்?

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ரெக்கார்டு வெளியான சில வாரங்களுக்குள் பாடகர் ஹோவர்டு டெவோட்டோ குழுவை விட்டுப் போய்விட்டார். குழு என்றால் அப்படித்தான். உங்கள் நால்வரில் ஒருவர் துபாய்க்கோ திருப்பூருக்கோ கிளம்பிவிட்டால் அக்காவின் தவணையில் அவருடைய பங்கை யார் கட்டுவது?

என் மனத்தில் உள்ளதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் பாடக் கூடாது, கத்தக் கூடாது என்று சொல்கிறவள் நான் இல்லை; சம்பாதிக்கிற பிள்ளை தன் சம்பளத்தில் எதை வாங்கி எப்படி அடித்தாலும் அது அவன் விருப்பம். ஆனால், தாய்மாமன் என்பவன் அக்கா மகளுக்குச் சீர் கொண்டுவர வேண்டியவன். படிப்புச் செலவையும் அந்தச் சீரில்தான் நான் சேர்க்கிறேன். நீங்கள் எதையும் கொண்டுபோகாதது போதாதென்று, இருந்ததையும் எடுத்து வந்திருக்கிறீர்கள். அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை என்பதைச் சம்மதத்துக்குச் சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள். தம்பி கேட்டு இல்லையென்று சொல்லிப் பழகாத ஒரு பெண் வேறு எப்படித்தான் பேசுவார்? இந்தக் கேள்வியைக் கேட்க வெட்கமாக இல்லையா என்று எழுதத் தோன்றியது. முன்பணம் இன்னும் கட்டவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அந்த வரியை அடித்துவிட்டேன்.

ஆகவே அந்த 35,000 ரூபாயைச் சல்லிக்காசு குறையாமல் அக்காவின் பெயரிலேயே வங்கியில் போடுங்கள். அவர் வழக்கம்போலத் தவணை கட்டிவரட்டும். ஏலத்தில் தள்ளிய 15,000 ரூபாய் உங்கள் நால்வரின் கடன். 16 மாதம், நாலு பேர் என்று வகுத்தால் ஆளுக்கு மாதம் 250 ரூபாய்கூட வராது. அடுத்த ஜூனில் அந்தக் கணக்கில் 50,000 ரூபாய் இருக்க வேண்டும். நண்பர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுப்பவர் அந்த ரெக்கார்டில் வாசிக்க வேண்டாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். டிரம்மர் சொல்வதே சரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அவருக்கும் நேரம் கிடைக்கும். அந்த மாதங்களில் அவருக்குக் கூலி இருக்காது என்பதையும் மறந்துவிடாமல், அவருடைய 250 ரூபாயை முன்கூட்டியோ பின்னாலோ வாங்கிக்கொள்ளுங்கள். ஐஸ் அறையின் கனத்த சுவர்கள் வெளிச்சத்தத்தை உள்ளே விடாது. ஆனால் உள்ளே எதிரொலிக்கும். நாலு வீட்டுப் பஞ்சு மெத்தைகளையும் கம்பளிகளையும் சுவரோரம் நிறுத்துங்கள். மைக்குகளையும் பதிவுக் கருவியையும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, நால்வரும் ஒன்றாக நின்று வாசித்து, பாடும் குரலை மட்டும் பிறகு தனியாகப் பதிவு செய்யுங்கள். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பலமாக எழுவதற்குள் முடித்துவிடுவது நல்லது; இல்லாவிட்டால் தகரக் கூரையும் உங்களோடு சேர்ந்து பாடும். இந்த இசைக்கு நாட்கணக்கில் ஸ்டூடியோ தேவையில்லை. நியூயார்க்கின் ரமோன்ஸ் குழு தன் முதல் ஆல்பத்தின் 14 பாட்டுகளையும் 1976 பிப்ரவரியில் சுமார் ஒரு வாரத்தில் முடித்தது. மொத்தமே 29 நிமிடம்.

வினைலை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அதில் பெரிய செலவு, தட்டு அழுத்தும் உலோக அச்சைச் செய்வதற்குத்தான் ஆகும். 100 தட்டு அடித்தாலும் 300 அடித்தாலும் அந்தச் செலவு மாறாது. ராமேசுவரம் தீவு முழுவதும் தேடினாலும் ரெக்கார்டு பிளேயர் உள்ள வீடு எத்தனை கிடைக்கும்? பாட்டுகளை இணையத்தில் ஏற்றுங்கள். பணத்தை முன்கூட்டியே கட்டி 100 பேர் தட்டு கேட்டால் அப்போது பார்க்கலாம்.

கருவிகளின் வாடகைக்கு ஆகும் செலவை உங்கள் சம்பளத்திலிருந்து எடுங்கள். அட்டையில் ‘அக்காவுக்கு நன்றி’ என்று அச்சிட்டுவிட்டுக் கடன் தீர்ந்ததாக எண்ணிக்கொள்ள வேண்டாம். டிரம்மரிடம் தேதி கேட்கப் போவதற்கு முன், அந்தச் சீட்டு எதற்காகப் போட்டது என்று அக்காவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் ஊகித்த காரணம் தவறாகவே இருந்தாலும், நீங்கள் கொடுக்க வேண்டிய தொகை மாறாது.