அலை இல்லாத கடல்

அன்புள்ள ஐயா,

பூர்வீகம் பாளையங்கோட்டை, இருப்பது பெங்களூரில். விடுமுறைக்கு வந்தபோது ஒன்பது வயது மகளைக் கூட்டிக்கொண்டு தூத்துக்குடி பீச் ரோடு, பழைய துறைமுகம், கிரேட் காட்டன் ரோடு எல்லாம் ஒருநாள் நடந்தேன். பனிமய மாதா கோவிலை விட்டால் பார்க்க ஒன்றுமே இல்லை. பாண்டிச்சேரியில் தெருவுக்குத் தெரு பலகை இருக்கிறது. இங்கே பழைய கட்டிடங்கள் பூட்டிக் கிடக்கின்றன, சந்தெல்லாம் கருவாட்டு வாடை. மகள் வேறு, "திருச்செந்தூர்ல அலை அடிச்சுதே, இங்க ஏன் அலையே இல்ல?" என்று நச்சரித்துவிட்டாள். பழைய துறைமுகப் பகுதியை ஒழுங்காகப் பார்க்க எந்த வழியாக நடக்க வேண்டும்? நல்ல மக்ரூன் எந்தக் கடையில் கிடைக்கும்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் ஒரே வரியில் சரியான கேள்வியைக் கேட்டுவிட்டாள். நீங்கள் அதற்கு நச்சரிப்பு என்று பெயர் வைக்கிறீர்கள். போன வாரம் அப்பாவின் தகரப் பெட்டியை ஒழித்தபோது அவருடைய கணக்கு நோட்டு ஒன்று அகப்பட்டது. அன்றிலிருந்து எனக்கும் இதே நினைப்புதான். அதனால்தான் இந்தப் பதில்.

பாண்டிச்சேரிப் பேச்சை விடுங்கள். கருவாட்டு வாடைக்கும் நான் சமாதானம் சொல்வதாக இல்லை, அது எங்களுக்குச் சோறு போட்ட வாடை.

அலைக்கு வருவோம். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை கரையை ஒட்டி, பழைய கணக்குப்படி, 21 தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றைச் சுற்றி முருகைக்கல் பார், அதாவது பவளப் பாறைத் திட்டு. வெளிக்கடல் அலை அதில் முட்டி உடைந்து, மிச்சம்தான் பீச் ரோட்டுக்கு வருகிறது. அந்தப் பக்கம் இலங்கை வேறு மறித்துக்கொண்டு நிற்கிறது. திருச்செந்தூருக்கு முன்னால் தீவு கிடையாது. அலை நேரே முருகன் வாசலுக்கு வந்துவிடும். (1986 வரை தூத்துக்குடியும் திருநெல்வேலி ஜில்லாதான். ஆனாலும் பாளையங்கோட்டைக்காரர்களுக்குக் கடல் என்றால் திருச்செந்தூர்தான், என்ன செய்ய!)

போர்த்துக்கீசியர் முத்துக்காக வந்தார்கள் என்பார்கள். முத்துக்கும்தான். ஆனால் கப்பல் ஆடாமல் நிற்க ஓர் இடம் வேண்டுமே! 1658-ல் டச்சுக்காரர்கள் அதைப் பிடுங்கினார்கள், பிற்பாடு ஆங்கிலேயர் வாங்கிக்கொண்டார்கள், 1876-ல் ரயிலும் வந்து சேர்ந்தது. இவ்வளவுக்கும் அந்தக் கடலில் ஆழம் கிடையாது. பெரிய கப்பல் எதுவும் கரைக்கு வர முடியாது, சில மைல் தள்ளி நங்கூரம் போட்டுவிட்டுக் காத்திருக்கும். பஞ்சுப் பொதியும் உப்பு மூட்டையும் தோணி ஏறித்தான் அதனிடம் போயாக வேண்டும். 1906-ல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பள்ளிக்கூடத்தில் படித்த நாம், அந்தக் கப்பலை மனசில் கரையை ஒட்டி நிறுத்திவைத்திருக்கிறோம். எந்தக் கரையை ஒட்டி? 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் கொழும்புப் பயணிகள் தனுஷ்கோடி வழியாகப் போய்விட்டார்கள். சரக்கு மட்டும் தோணியை விட்டுப் போகவில்லை, 1974-ல் ஆழமான புதுத் துறைமுகம் வரும்வரை.

அப்பா ஒரு தோணி ஆபீசில் கணக்குப்பிள்ளை. எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒருநாள் அவரோடு தோணியில் கப்பல்வரை போனேன். புதிதாகக் கலப்பத்து அடித்த (பலகை இடுக்கைப் பஞ்சும் பிசினும் வைத்து அடைத்த) தோணி, உட்கார்ந்த இடத்தில் டவுசர் ஒட்டிக்கொண்டது. உப்பு மூட்டைகளை வலையில் கட்டிக் கப்பலுக்குத் தூக்கினார்கள். ஒவ்வொரு தூக்குக்கும் மூட்டையிலிருந்து பொடி உப்பு தலையில் உதிரும். அப்பா நோட்டை மடியில் வைத்து எண்ணினார். "லாபம்... ரெண்டு... மூணு..." ஒன்று என்று சொல்லவே மாட்டார். நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பார். நோட்டு முழுக்க அந்தக் கோடுகள்தான், பக்கம் பக்கமாக, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. தோணியை ஓட்டும் தலைவரான தண்டல் என்னைப் பார்த்து, "மக்கா, கர எங்கன இருக்கு, சொல்லு பாப்போம்" என்றார். திரும்பினேன். மாதா கோவில் உச்சி மட்டும் ஒரு குச்சிபோலத் தெரிந்தது. ஊரைக் காணோம். பயந்து அழுதுவிட்டேன். அப்பா எண்ணிக்கையை நிறுத்தவில்லை. இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அறுபத்தியேழு" என்றார்.

இப்போது என் கோபத்தைச் சொல்கிறேன். அலையை மறித்து நிற்கிற அந்தப் பாரைத்தான் பல வருஷம் உடைத்து அள்ளி, சுண்ணாம்புக் காளவாசலுக்கும் ஆலைகளுக்கும் அனுப்பினோம். அள்ளியவன் வயிற்றுப்பாட்டுக்காக அள்ளினான், அவனைத் திட்ட எனக்கு வாய் வராது. வாங்கிக் கட்டிய நாம்தான் பதில் சொல்ல வேண்டும். தூத்துக்குடிப் பக்கத்துத் தீவுகளில் விலாங்குச்சல்லி என்று ஒன்று இருந்தது. தண்ணீருக்குள் போய்விட்டது. பூட்டிய கட்டிடங்களுக்கு ஒரு பத்தி அழுகிற நீங்கள் பாண்டிச்சேரியையே நினைத்துக்கொண்டு நடந்தால் கடல் எங்கே கண்ணில் படும்? மகள் கடலைப் பார்த்திருக்கிறாள். அவளிடம் அந்தத் தீவைப் பற்றிச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ளாமல்.

வழி கேட்டிருந்தீர்கள். காலையிலேயே பழைய துறைமுகத்துப் பக்கம் போங்கள். மாலத்தீவுக்குத் தோணி இன்றும் சரக்கு ஏற்றுகிறது, வெங்காயம், காய்கறி, கட்டுமானச் சாமான் என்று. வாசலில் தடுப்பார்கள், குழந்தையைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள். ஆனி, ஆடியில் மட்டும் வராதீர்கள், மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்றுக்குத் தோணியெல்லாம் கட்டிக் கிடக்கும்.

மக்ரூன் எந்தக் கடையிலும் வாங்கலாம். முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் சீனியும்தானே! பெங்களூருக்குக் கட்டிக்கொண்டு போகிறேன் என்று மூடி சரியில்லாத டப்பாவில் மட்டும் போடாதீர்கள், மணியாச்சி தாண்டுமுன் நமுத்துப்போகும்.