மாவு பொங்கியதா என்று பாருங்கள்

கேள்வி: பிரிந்துபோன அம்மா, அப்பாவிடம் ஆளுக்கு ஒருவராக வளர்ந்த இரட்டைப் பெண்கள் முகாமில் சந்தித்து, இடம் மாறிக்கொள்ளும் கதை 'தி பேரன்ட் ட்ராப்'. 1961-ல் வந்ததை 1998-ல் மறுபடியும் எடுத்தார்கள். அரைத்த மாவையே அரைக்கும் இந்த ரீமேக் வியாபாரம் எப்போதுதான் ஓயும்?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: முதலில் மாவைப் பேசிவிடுவோம். அரைத்த மாவை எந்த வீட்டிலும் யாரும் மறுபடி அரைப்பதில்லை. நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். இந்த அளவு பாட்டி காலத்தது. அரிசியும் உளுந்தும் ஒவ்வொரு முறையும் புதிது. உளுந்து பழசென்றால் பொங்காது, அரைக்கால் பங்கு கூட்டிப் போட வேண்டும். சித்திரையில் ஆறேழு மணி நேரத்தில் பாத்திரத்தைத் தாண்டி வழிகிற மாவு, மார்கழியில் பன்னிரண்டு மணி நேரமானாலும் அசையாது. கிரைண்டரை விட்டு மிக்ஸிக்கு வந்தால் உளுந்து சூடேறிவிடும், ஐஸ் தண்ணீர் தெளித்து அரைக்க வேண்டும். இதையெல்லாம் பார்க்காமல் அளவை மட்டும் நம்பி ஊற்றினால் இட்லி கல்லாகும். கெட்டுப்போன ரீமேக்குகளில் முக்கால்வாசி இப்படிப் பருவம் பார்க்காமல் ஊற்றியவைதான்.

அதோடு, இந்தக் கதையில் முதல் மாவு எது? 1961 படம் இல்லை. எரிக் கெஸ்ட்னர் என்ற ஜெர்மன் எழுத்தாளர். 1933 மே 10 அன்று பெர்லினில் நாஜிகள் கொளுத்திய புத்தகக் குவியலில் அவருடையவையும் இருந்தன. கூட்டத்தில் நின்று அதை அவரே பார்த்தார். எழுதத் தடை விதிக்கப்பட்டிருந்த அந்தக் காலத்தில், 1942 வாக்கில், இந்த இரட்டையர் கதையைச் சினிமாவுக்கான கதையாகத்தான் யோசித்தார். படமாகவில்லை. போர் முடிந்து 1949-ல் அதையே சிறுவர் நாவலாக்கினார். வியன்னாவில் அப்பாவோடு லூயிஸ், மியூனிக்கில் அம்மாவோடு லோட்டே. பெற்றோர் பிரிந்ததால் வாடும் குழந்தைகள் உண்டு, பிரியாமல் இருப்பதால் வாடும் குழந்தைகளும் உண்டு என்று குழந்தைகளுக்கான புத்தகத்திலேயே எழுதிய மனிதர் அவர். 1950-ல் ஜெர்மன் படம் வந்தது. அதில் நடித்த இசா, யுட்டா குந்தர் இருவரும் நிஜ இரட்டையர். டிஸ்னியின் படம் அதற்கும் பதினொரு வருடம் பிந்தியது. நீங்கள் ஒரிஜினல் என்று நினைத்துக்கொண்டிருப்பதே ரீமேக்.

நம் ஊரில் ஏவி.எம். நிறுவனம் 1965-ல் இந்தக் கதையைக் 'குழந்தையும் தெய்வமும்' ஆக்கியது. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம், ஜெய்சங்கர், ஜமுனா, இரண்டு வேடத்தில் குட்டி பத்மினி. அடுத்த ஆண்டு தெலுங்கில், 1968-ல் இந்தியில். இதில் கிருஷ்ணன்-பஞ்சு செய்த ஒரு காரியத்தை இந்தப் பக்கத்தில் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. மூலக்கதையில் ஆட்டம் காணும் ஆணி ஒன்று உண்டு. பெற்ற இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு, 'உனக்கு ஒரு கூடப்பிறந்தவள் இருக்கிறாள்' என்பதையே மறைக்கும் தாய் தகப்பனை எப்படி மன்னிப்பது? 1998 படம் அந்தக் கேள்வியைச் சிரித்தபடி கடந்துவிடுகிறது. தமிழில் கதாநாயகனின் மாமியாராக ஜி.வரலட்சுமியின் பாத்திரம் குறுக்கே வந்தது. குடும்பத்தை உடைத்தது அந்த அம்மாளின் அகங்காரம் என்றதும் பெற்றவர்கள் மேல் இருந்த கோபம் இடம் மாறிவிட்டது. நம் வீட்டு உளுந்தைப் போட்டு அரைப்பது என்றால் இதுதான்.

இரட்டை வேடத்தை இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று சொல்கிறவர்களோடு இங்கே பலமுறை மல்லுக்கு நின்றாயிற்று. இன்னொரு முறையும் நிற்கிறேன். பழைய மாஸ்க் ஷாட்டில் லென்ஸின் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து ஒரு பக்கம் எடுப்பார்கள். பிலிமைத் துல்லியமாகப் பின்னால் சுற்றி, மறைப்பை மாற்றி, மறு பக்கம் எடுப்பார்கள். இடையில் கேமரா நூலளவு அசைந்தாலும் சுவர் இரண்டாகப் பிளந்து தெரியும். அதனால் சேரும் கோட்டைத் தூண், கதவு நிலை, அலமாரி ஓரம் என்று ஏதாவது ஒன்றில் ஒளித்து வைப்பார்கள். நடிப்பவரின் கை கோட்டைத் தாண்டினால் மணிக்கட்டோடு காணாமல் போகும். வெளிப்புறம் என்றால் இரண்டு டேக்குக்கும் நடுவே வெயில் நகர்ந்து நிழல் காட்டிக்கொடுத்துவிடும். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை பார்வை. எதிரே ஆளில்லாத இடத்தில், தன் கண் உயரத்துக்கு ஒட்டிய டேப்பைப் பார்த்துக் குழந்தை அழ வேண்டும். அரை அங்குலம் மேலே பார்த்தால் அக்காவின் நெற்றியோடு பேசுகிற மாதிரி இருக்கும்.

1961 படத்தில் இந்தப் பிளவுத்திரையோடு சோடியம் ஆவி முறையும் பயன்பட்டது. பின்திரையில் தெருவிளக்கு மஞ்சள் போன்ற ஒரே அலைநீள வெளிச்சம். கேமராவுக்குள் இருக்கும் பட்டகம் அந்த மஞ்சளை மட்டும் பிரித்து இன்னொரு பிலிமுக்கு அனுப்பும். அந்தப் பிலிமே, ஆளை மட்டும் வெட்டி இன்னொரு காட்சியில் ஒட்டுவதற்கான மாஸ்க் ஆகும். தலைமுடி ஓரம்கூடப் பிசிறில்லாமல் வரும். 1998-ல் மோஷன் கண்ட்ரோல் கேமரா வந்துவிட்டது. ஒரு முறை நகர்ந்த பாதையை இம்மி பிசகாமல் மறுபடி நகரும் என்பதால், இரண்டு பெண்களும் ஒரே ஃப்ரேமில் இருக்கும்போதே கேமரா நகரலாம். ஆனால் நடிப்பை எந்த இயந்திரமும் திருப்பிச் செய்யாது. கலிஃபோர்னியா விதிப்படி 9 முதல் 15 வயது வரையுள்ள குழந்தை பள்ளி நாளில் தளத்தில் 9 மணி நேரம்தான் இருக்கலாம். பாடத்துக்கு 3, ஓய்வுக்கு 1 போனால் நடிக்க மிஞ்சுவது 5 மணி நேரம். அதற்குள் ஒவ்வொரு ஷாட்டும் இரண்டு தடவை, நடுவே தலையலங்காரமும் உடையும் மாற்ற வேண்டும். இரண்டு பெண்களாகவும் நடித்த பதினொரு வயது லிண்ட்சே லோஹனுக்கு அது முதல் படம். நான்சி மையர்ஸ் இயக்கியதிலும் அதுதான் முதல் படம்.

மையர்ஸின் சமையலுக்கு வருகிறேன். பழைய படத்தில் வீடுகள் பாஸ்டனிலும் கலிஃபோர்னியாவிலும் இருந்தன. 1998-ல் அந்தத் தூரம் போதாது. விமானத்தில் ஒரு பகல். அதனால் அம்மாவை லண்டனுக்கு அனுப்பினார், அப்பாவை நாப்பா பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டத்தில் வைத்தார். எட்டு மணி நேர வித்தியாசம். லண்டனில் விடிந்தால் நாப்பாவில் நடு ராத்திரி, ரகசியமாகப் போன் பேசுவதே பாடு. கூடவே உச்சரிப்பும் வந்து சேர்ந்தது. அமெரிக்கப் பெண், லண்டன் பெண், லண்டன் பெண்ணாக நடிக்கும் அமெரிக்கப் பெண், அமெரிக்கப் பெண்ணாக நடிக்கும் லண்டன் பெண் என்று ஒரே குழந்தைக்கு நான்கு குரல். அமெரிக்கப் பெண் ஹாலி, லண்டன் பெண் அன்னியாகப் பேசும்போது வார்த்தைகளை ஒரு சுற்று அதிகமாக உருட்டுவதைக் கவனியுங்கள். வேஷம் கலையக்கூடாதே என்ற பயம் அதில் கேட்கும்.

முகாமில் இருவரையும் தண்டனையாகத் தங்கவைக்கும் தனிக்குடிலில் வரும் புகைப்படக் காட்சியையும் பாருங்கள். இருவரிடமும் ஆளுக்கொரு கிழிந்த பாதி. ஒன்றில் அம்மா, ஒன்றில் அப்பா. கிழிசலோடு கிழிசல் சேர்கிறது. இவ்வளவு நெருக்கமான ஷாட்டுக்கு எந்தத் தந்திரமும் வேண்டாம், டூப்பின் கை போதும். படத்தின் எல்லா தந்திரக் காட்சிகளையும்விட இது ஒரு படி மேல்.

இன்று மறுபடி எடுத்தால் அந்தக் காட்சி நிற்காது. அம்மா பேர்போன மணப்பெண் உடை வடிவமைப்பாளர். இணையத்தில் பெயரைத் தட்டினால் முகம் வந்துவிடும். அதனால் இன்று எடுக்கிறவர் கதாநாயகியைத் தேடப் போகும் முன் பழைய படத்தை ஓடவிட்டு, ஒவ்வொரு காட்சியிலும் 'இந்த ரகசியம் வெளியே வராமல் எது தடுத்தது, அந்தத் தடை இன்றும் இருக்கிறதா' என்று எழுதிக்கொள்ள வேண்டும். முகாமில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்றால் ஒரு தடை மிஞ்சும். வீடு திரும்பிய பிறகு? அக்காவின் போன் தங்கை கையில். இரட்டையர் என்றால் முகம் காட்டித் திறக்கும் பூட்டு ஏமாறும் வாய்ப்பு கூடுதல் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்லியிருக்கிறது. ஆகவே முகத்தைக் காட்டினால் போன் திறந்துவிடலாம், அம்மாவும் நம்புவாள். ஆனால் ஒரே கருவில் பிறந்த இரட்டையருக்கும் கைரேகை வேறு. சாப்பாட்டு மேசையில் அம்மா தன் லேப்டாப்பை நீட்டி, 'உன் விரலை வை கண்ணு, உன் ரேகையும்தான் போட்டு வைத்திருக்கிறேனே' என்கிறாள். பெண் விரலை வைக்கிறாள். திறக்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறாள். அந்த இடத்திலிருந்து யாராவது எழுதினால் முதல் நாளே டிக்கெட் வாங்குகிறேன்.