நெடுந்தீவுக் குதிரைகளுக்குக் கரட் கொண்டு போகலாமா?

கேள்வி: ஆகஸ்ட் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறோம், யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கும் நெடுந்தீவுக்கும் போவதாக இருக்கிறோம். கோடையில் அங்குள்ள குதிரைகள் எலும்பும் தோலுமாக நிற்கும் படங்களைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் ஒரே கவலை. கரட், அப்பிள், பாண், தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோய்க் கொடுக்கலாமா? அவை அங்கே என்னதான் சாப்பிடுகின்றன?

பதில்: பாண் வேண்டவே வேண்டாம். கரட் நஞ்சில்லை, ஆனாலும் வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன், பிள்ளைகளுக்கும் விளங்கும்.

போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்து வளர்த்த குதிரைகளின் வாரிசுகள்தான் இவை. இன்று தாமாகவே மேய்ந்து திரிகின்றன. சாப்பாடு பெரும்பாலும் புல்தான். மழை பெய்து தரை பச்சையாக இருக்கும்போது இளம்புல்லாகப் பொறுக்கும். காய்ந்த பிறகு சருகுப் புல், செடி கொடி, எட்டுகிற இலை என்று இறங்கிவரும். மேயும்போது உதட்டைக் கவனியுங்கள். மேலுதடு விரல்போல அசைந்து வேண்டாததை ஒதுக்கும். குதிரைக்கு மேலேயும் கீழேயும் வெட்டுப்பற்கள் உண்டு. மாட்டுக்கு மேல்வரிசையில் கிடையாது. அதனால் மாடு விட்டுப்போன கட்டைப் புல்லையும் குதிரை தரையோடு நறுக்கிவிடும். ஒரு நாளில் பாதிக்கு மேற்பட்ட நேரம் மேய்ச்சலிலேயே போகும்.

அப்படி மேய்ந்தும் ஏன் மெலிகிறது? மாடு தின்றதை அசைபோட்டு, ஆறுதலாகச் சத்தை உறிஞ்சும். குதிரை அசைபோடாது. அதன் இரைப்பை உடம்புக்குச் சின்னது. நாரைச் செரிக்கும் வேலை சிறுகுடலைத் தாண்டி, குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும் வாழும் நுண்ணுயிர்களால் நடக்கிறது. தீனி வேகமாகக் கடந்துபோவதால் ஒவ்வொரு வாயிலும் கிடைக்கும் சத்து குறைவு, அதை அளவால் ஈடுகட்டும். மட்டமான புல்லானாலும் நிறையக் கிடைத்தால் குதிரை சமாளித்துவிடும். புல்லே குறைந்துபோனால் மாட்டைவிட முதலில் தளர்வது அதுதான். நெடுந்தீவில் அதே தரையில் ஊர் மாடுகளும் ஆடுகளும் மேய்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நுண்ணுயிர்கள் கிடைக்கும் தீனிக்கு ஏற்பப் பழகியிருக்கும். பல வாரமாகச் சருகு தின்ற வயிற்றில் நாலைந்து பேர் ஆளுக்கொரு றாத்தல் பாணைப் போட்டால், செரிக்காத மாச்சத்து பெருங்குடலுக்குப் போய்ப் புளித்துவிடும். வயிற்றுவலி வரும், குளம்புக்குள் அழற்சி வந்து நடக்கவே முடியாமல் போகும். போதாததற்குக் குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. அப்பிளைத் துண்டாக்காமல் கொடுத்தால் தொண்டையில் சிக்கலாம். இதையெல்லாம் தாண்டி, கையில் தின்னப் பழகிய குதிரை அடுத்த ஆளின் பையைத் தேடி வரும், கொடுக்காவிட்டால் கடிக்கும். அடிபடப்போவது யாரோ ஒரு பிள்ளைதான்.

உண்மையில் ஆகஸ்டில் அவற்றின் பெரிய கஷ்டம் தண்ணீர். தீவுக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான். ஆடி, ஆவணிக்குள் குளங்களும் கேணிகளும் வற்றிவிடும், எஞ்சியதிலும் உவர் ஏறும். கடும் வறட்சியில் குதிரைகள் இறந்துமிருக்கின்றன. காய்ந்த புல்லைத் தின்றால் தண்ணீர் இன்னும் கூடுதலாக வேண்டும்; சின்னக் குதிரைக்கே வெயிலில் நாளுக்குப் பத்து லீட்டருக்கு மேல் பிடிக்கும். அமெரிக்காவின் அசாடீக் தீவுக் குதிரைகள் உப்புச் சதுப்புப் புல்லைத் தின்பதால் வழக்கமான குதிரையைப்போல இரண்டு மடங்கு குடித்து, வயிறு ஊதித் திரிகின்றன. குடிக்க இருந்தால் உப்புப் புல்லிலும் வாழலாம், இல்லாவிட்டால் நல்ல புல்லும் குடலில் அடைத்துக்கொள்ளும். உங்கள் ஒரு லீட்டர்ப் போத்தலால் ஆகப்போவது ஒன்றுமில்லை. வெறும் போத்தலை அங்கே போட்டுவிட்டு வராமல் இருந்தாலே பெரிய உதவி.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: இலத்தியைப் பார்க்கச் சொல்லுங்கள். உருண்டை ஈரமாக, நார் தெரிய உடைந்தால் நல்லது. சின்னதாக, கல்லுப்போல இறுகியிருந்தால் தண்ணீர் போதவில்லை என்று சந்தேகப்படலாம். ஒரு உருண்டையைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் கரைத்துச் சற்று நேரம் விட்டால், அடியில் மணல் படிகிறதா என்று தெரியும். தரையோடு சுரண்டி மேயும் குதிரை மணலையும் சேர்த்து விழுங்கும். கால்நடை வைத்தியர்களும் இப்படித்தான் பார்ப்பார்கள். பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும், அதைச் சொல்ல மறந்துவிடாதீர்கள்.

தீவின் ஒரு பகுதி 2015 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. எழும்ப முடியாமல் கிடக்கும் குதிரையைக் கண்டால் நீங்களே தூக்க முயலாமல் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கோ பிரதேச செயலகத்துக்கோ சொல்லுங்கள். கொழுகொழுவென்று பார்க்கத்தான் ஆசையென்றால் பயணத்தைத் தை, மாசிக்குத் தள்ளிவையுங்கள், புல் நன்றாக இருக்கும். ஆனால் அந்த நாட்களில் கடல் எப்படியிருக்குமோ தெரியாது. நெடுந்தீவுப் படகு புறப்படும் குறிகட்டுவான் துறையில் படகு ஓடுகிறதா என்று முதல் நாளே விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.