கை சின்னது என்றால் துப்பாக்கியும் சின்னதாக இருக்க வேண்டுமா?

கேள்வி: டெக்சஸில் இருக்கிறேன். ஆறு மாதமாக ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியில் சுட்டுப் பழகுகிறேன். சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று கடைக்குப் போனால் கிளாக் நிறுவனத்தின் 17, 19, 26 என்ற மூன்று கைத்துப்பாக்கிகளையும் எடுத்து வைத்தார்கள். மூன்றும் 9 மி.மீ. தோட்டாவுக்கானவைதான். எனக்குக் கை சின்னது. 26 வாங்கினால் அடக்கமாக இருக்குமா?

பதில்: 26-ஐக் கையில் வாங்கிப் பார்க்கிற எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். ஆனால் அதில் குறைத்திருப்பது நீளத்தையும் உயரத்தையும்தான், பிடியின் பருமனை அல்ல. மூன்றிலும் பிடிக்குள் செருகும் மேகசினுக்குள் (தோட்டாப் பெட்டி) தோட்டாக்கள் இரண்டு வரிசையாக மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். அந்த அகலம் மாறாததால் பிடியின் சுற்றளவும் ஏறக்குறைய மாறாது. 17-இல் விசைக்கு (ட்ரிக்கர்) எட்டாத விரல் 26-இலும் எட்டாது. கூடுதலாக, சுண்டுவிரலுக்கு இடமில்லாமல் அது அந்தரத்தில் தொங்கும்.

இவை பிறந்த கதையைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். 17, ஆஸ்திரிய ராணுவத்துக்காக 1980-களின் தொடக்கத்தில் வந்தது. பேரல் (குழல்) நீளம் 114 மி.மீ. மேகசினில் 17 தோட்டா பிடிக்கும் என்பதால் பெயரும் அதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அது நிறுவனத்தின் 17-ஆவது காப்புரிமை என்பதால் வந்த எண். 1988-இல் வந்த 19-க்கு 102 மி.மீ. பேரல், 15 தோட்டா. 26, 1990-களின் நடுவில் வந்தது: 87 மி.மீ., 10 தோட்டா. பத்துக்கு மேல் பிடிக்கும் புதிய மேகசின்களை 1994-இல் அமெரிக்கச் சட்டம் பொதுமக்களுக்குத் தடுத்திருந்த காலம் அது. பத்துதான் என்றான பிறகு பெரிய பிடி எதற்கு? 2004-இல் அந்தச் சட்டம் காலாவதியானது, துப்பாக்கி நிலைத்துவிட்டது. ஆக, 26 இடுப்பில் மறைத்து எடுத்துச் செல்வதற்கானது.

ரேஞ்சில் அந்தக் குட்டை உருவமே எதிரி. 17-இல் குறி பார்க்கும் முன்முனைக்கும் பின்முனைக்கும் நடுவே சுமார் 165 மி.மீ. தூரம், 26-இல் சுமார் 137. முன்முனை ஒரு மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தூரத்துக் காகிதத்தில் 17-இல் சுமார் 6 செ.மீ. தள்ளிப்போகும், 26-இல் 7 செ.மீ.க்கு மேல். எடையும் குறைவு, பிடிக்க இடமும் குறைவு என்பதால் சுடும்போது வரும் உதை கையில் கூடுதலாகத் தெரியும். ஸ்லைடை (பேரலுக்கு மேல் நகரும் உறை) பின்னுக்கு இழுப்பதும் பலருக்குக் கடினமாக இருக்கிறது.

என் கருத்து: இடைப்பட்ட 19. ரேஞ்சுக்கு மட்டும்தான் என்றால் தயங்காமல் 17. பின்னால் 26-உம் வாங்கினால், பெரியவற்றின் மேகசின் அதில் பொருந்தும், கீழே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். 26-இன் மேகசின் மற்றவற்றுக்கு எட்டாது.

வாங்கும் முன் ஒரு சோதனை. மேகசினைக் கழற்றி, ஸ்லைடைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பாருங்கள். அப்புறம் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள மடிப்பை பிடியின் உச்சியில் பதித்து, பேரல் முழங்கைக்கு நேர்கோட்டில் இருக்கும்படி ஆளில்லாத பக்கம் பார்த்துப் பிடியுங்கள். சுட்டுவிரலின் நுனிக்கணுவில் உள்ள சதை விசை மேல் உட்கார்ந்தால் போதும். எட்டவில்லையா? நான்காம் தலைமுறையிலிருந்து பிடியின் முதுகுத் துண்டைக் கழற்றலாம். எதையும் மாட்டாமல் பார்த்தால் அதுதான் மிகச் சிறிய அளவு. அதுவும் பெரிதென்றால் கிளாக்கின் 43எக்ஸ் அல்லது 48-ஐக் கேளுங்கள். இரண்டும் ஒல்லியான உடம்பு, 10 தோட்டா. உங்கள் கைக்கு உண்மையான விடை அங்கேதான் இருக்கக்கூடும்.

இன்னொன்று: எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருந்தால், வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாமல் வாங்க முடியாது. க்ரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை.