வண்டியை மாற்றி எடுத்தால் திருட்டா?

கேள்வி: வக்கீல் ஐயா, போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து வெளியே வந்து, கறுப்பு ஸ்கூட்டர் ஒன்றை என்னுடையது என்று நினைத்து எடுத்து வந்துவிட்டேன். தேய்ந்துபோன என் சாவி அதற்கும் சேர்ந்துவிட்டது. சாயங்காலம் சீட்டைத் திறந்தால் யாருடைய மழைக்கோட்டோ இருக்கிறது. பதறிப்போய் மண்டபத்திலேயே கொண்டுபோய் விட்டேன். அதற்குள் போலீசில் புகார் போய்விட்டது. "எடுத்தது கேமராவில் இருக்கே, அப்புறம் என்ன?" என்கிறார் வண்டிக்காரர். நான் திருடனா?
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: இல்லை. அடுத்தவர் பொருளைக் கேட்காமல் எடுத்தாலே திருட்டு ஆகிவிடாது. நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்திருக்க வேண்டும். 1860-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 378-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303. எண் மாறினாலும் இந்த விஷயம் மாறவில்லை. அந்தப் பிரிவின் கடைசி உதாரணத்தைப் படித்தால் உங்களுக்காகவே எழுதியது போலிருக்கும்: தன் பொருள் என்று நல்லெண்ணத்தோடு நம்பி எடுப்பவர் திருடவில்லை.

சரி, மனசுக்குள் இருந்ததை நீதிபதி எப்படிப் பார்ப்பார்? முன்னும் பின்னும் நீங்கள் நடந்துகொண்டதை வைத்துத்தான். உங்கள் வண்டி மண்டபத்திலேயே நின்றது. திருட வந்தவர் சொந்த வண்டியை விட்டுவிட்டுப் போவாரா? நம்பர் பிளேட்டில் கை வைக்கவில்லை. யாரும் தேடி வருமுன் திருப்பி விட்டீர்கள். வெகுகாலம் முன்பு என்னிடம் ஒரு சைக்கிள் கேஸ் வந்தது. "என் சைக்கிள்னு நெனச்சேன் சார்" என்று கட்சிக்காரர் சத்தியம் செய்தார். ஆனால் எடுத்த மறுநாளே அதற்குப் பச்சை பெயின்ட் அடித்திருந்தார். நானே நம்பவில்லை, நீதிபதி எங்கே நம்புவார்?

மழைக்கோட்டைப் பார்த்த பிறகும் வண்டியை வைத்துக்கொண்டிருந்தால் கதை வேறு. அப்போதும் திருட்டு இல்லை. ஆனால் பொருளைக் கையாடிய குற்றம், 314-வது பிரிவு, வந்து நிற்கும்.

"திருப்பிக் கொடுத்துவிட்டேனே" என்பதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். 1952-ல் ஜோத்பூரில் மெஹ்ரா என்ற விமானப்படைப் பயிற்சி மாணவர் அனுமதியில்லாமல் ஹார்வர்ட் விமானத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பாகிஸ்தானில் இறங்கினார். நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் எண்ணம் இல்லை என்ற வாதம் எடுபடவில்லை. தற்காலிகமாக எடுத்தாலும், எண்ணம் நேர்மையற்றதாக இருந்தால் திருட்டுதான் என்று 1957-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவருக்கு அது தன் விமானம் இல்லை என்று தெரியும். உங்களுக்கு அது அடுத்தவர் வண்டி என்றே தெரியாது. உங்கள் பிடி அதில்தான் இருக்கிறது, திருப்பிக் கொடுத்ததில் இல்லை.

ஸ்டேஷனுக்குப் போகும்போது உங்கள் ஆர்.சி. புக்கையும் அந்தத் தேய்ந்த சாவியையும் எடுத்துப் போங்கள். உங்கள் வண்டி நின்றதும் அதே கேமராவில் இருக்கும். அதையும் பார்க்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். சமாதானமாகப் போகலாம் என்று காகிதம் நீட்டினால் முழுவதும் படியுங்கள். "திருடியதற்கு மன்னிப்பு" என்று ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.