மிலிட்டரி சரக்கும் போலீஸ் துப்பாக்கியும்

அன்புள்ள அண்ணா,

நான் சான் ஹோசேயில் பதினொரு வருடமாக இருக்கிறேன். அக்கா மகன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். இப்போது போலீஸ் அகாடமியில் சேர்ந்திருக்கிறான். போன வாரம் வீட்டுக்கு வந்தவன், பணித் துப்பாக்கியைத் தன் கைக்காசில்தான் வாங்கப்போவதாகச் சொன்னான். துறை ஒரு பட்டியல் கொடுக்குமாம், அதில் பிடித்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதானாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம்மூரில் லத்தியைக்கூட அரசாங்கம்தான் கொடுக்கிறது. சொந்தக் காசைப் போட்டு ஆயுதம் வாங்குகிறவன் அந்தக் காசை எங்கே எடுப்பான்? லஞ்சத்துக்கு நாமே கதவைத் திறந்து வைப்பதுபோல இல்லையா?

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னான். "மாமா, போலீஸுக்குத் தள்ளுபடி உண்டு. உங்களுக்கும் ஒண்ணு எடுத்துத் தரட்டுமா?" பணத்தை நான் கொடுத்துவிட்டால் இதில் தப்பு ஏதும் உண்டா?

முகிலன்

அன்புள்ள முகிலன்,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். மருமகனிடம் இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். காரணம் கொஞ்சம் நீளம், கடைசியில் வருகிறேன்.

உங்கள் சந்தேகம் நம்மூர்ச் சந்தேகம். பல லட்சம் கொடுத்துப் போஸ்டிங் வாங்கியவர் அதை எடுக்கப் பார்ப்பார் என்பது நாம் பார்த்துப் பழகிய கணக்கு. அமெரிக்காவில் அந்தக் கணக்கு இந்த இடத்தில் பொருந்தாது. கிளாக் என்ற கம்பெனியின் பிஸ்டல் ஒன்று ஐந்நூறு, அறுநூறு டாலர். கலிஃபோர்னியா போலீஸ்காரருக்கு அது சில நாள் சம்பளம். பல துறைகள் உடைப்படி மாதிரி ஒரு தொகையும் கொடுக்கின்றன. அந்த ஐந்நூறை எடுப்பதற்காக யாரும் கை நீட்டப்போவதில்லை.

ஏன் சொந்தமாக வாங்கச் சொல்கிறார்கள் என்றால், அங்கே தமிழ்நாடு காவல்துறை மாதிரி மாநிலம் முழுக்க ஒரே துறை கிடையாது. நாடு முழுக்க ஏறக்குறைய 18,000 துறைகள். பலவற்றில் மொத்தமே பத்துப் பேர்கூடத் தேறாது. ஒவ்வொன்றும் தன் சௌகரியத்துக்கு விதி வைத்துக்கொள்கிறது. அதற்காக இதைச் சின்ன ஊர்ப் பழக்கம் என்றும் நினைத்துவிடாதீர்கள். நியூயார்க் நகரப் போலீஸிலேயே துப்பாக்கிக்குப் பணம் கட்டுவது காவலர்தான். 1993-ல் ரிவால்வரிலிருந்து 9 எம்எம் பிஸ்டலுக்கு மாறியபோது கிளாக் 19, சிக் சாவர் பி226, ஸ்மித் அண்ட் வெஸன் 5946 என்று வாங்கத்தக்க மாடல்களைத் துறையே வரையறுத்தது. கிளாக்கின் டிரிகருக்குள் தடித்த ஸ்பிரிங் ஒன்றைப் போட்டு, இழுக்க 12 பவுண்ட் அழுத்தம் தேவைப்படும்படி செய்தது. கடையில் கிடைக்கும் கிளாக்குக்கு ஐந்தரைப் பவுண்ட் போதும். அதாவது விரலால் ஐந்தரைக் கிலோவை இழுப்பதற்கும் இரண்டரைக் கிலோவை இழுப்பதற்கும் உள்ள வித்தியாசம். காசு காவலருடையது, ஸ்பிரிங் எது என்பது துறையின் முடிவு. அதை மாற்றினால் ஒழுங்கு நடவடிக்கை வரும்.

சொந்தத் துப்பாக்கியில் தொல்லை இல்லாமல் இல்லை. ஆனால் அது வேறு வகை. இரண்டு பேர் வேறு வேறு மாடல் வைத்திருந்தால் சண்டை நடுவில் ஒருவருடைய மேகசின், அதாவது தோட்டா அடைக்கும் பெட்டி, இன்னொருவருக்கு உதவாது. நாலு மாடல் இருந்தால், துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் ஆர்மரர் நாலுக்கும் பயிற்சி எடுத்து, நாலுக்கும் உதிரி வைத்திருக்க வேண்டும். ஒரு காவலர் யாரையாவது சுட நேர்ந்தால் அந்தத் துப்பாக்கி அப்போதே சாட்சியப் பொருளாகிவிடும். வழக்கு முடிய மாதங்களோ வருடங்களோ ஆகலாம், அதுவரை அவர் சொந்தத் துப்பாக்கி ஆதார அறையில் கிடக்கும். அதனால் உருப்படியான துறைகள் மாடலை ஒன்றிரண்டாகச் சுருக்குகின்றன, தோட்டாவைத் தாங்களே கொடுக்கின்றன, சீரியல் நம்பரைப் பதிந்து வருடா வருடம் பரிசோதிக்கின்றன, மாற்றாகக் கொடுக்க நாலைந்தைக் கிடங்கில் வைத்துக்கொள்கின்றன.

ஊழல் நுழைவது வேறு வழியாக. இதற்கு மிலிட்டரி கேண்டீன் சரக்கை நினைத்துக்கொண்டால் போதும். ராணுவத்தில் இருந்தவருக்குக் குறைந்த விலையில் மாதம் இத்தனை பாட்டில் என்று கோட்டா. அவர் வாங்கிக் குடித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஊருக்குள் கொண்டுவந்து விற்றால் நடுவில் ஒரு லாபம் நிற்கிறது. அந்த லாபம் எங்கிருந்து வந்தது? எனக்குக் கிடைக்கும், உனக்குக் கிடைக்காது என்ற வேலியிலிருந்து. கலிஃபோர்னியா அப்படி ஒரு வேலியைக் கைத்துப்பாக்கிக்குப் போட்டது.

2001 முதல் அந்த மாநிலத்தில் அரசுப் பட்டியலில் உள்ள மாடலைத்தான் கடைக்காரர் பொதுஜனத்துக்குப் புதிதாக விற்கலாம். பட்டியலில் புதிதாக நுழைய நிபந்தனைகள் ஏறிக்கொண்டே போயின. உள்ளே தோட்டா இருப்பதைக் காட்டும் குறி, மேகசினைக் கழற்றினால் சுடாமல் நிற்கும் பூட்டு, கடைசியாக 2013-ல், சுடும்போது தோட்டாக் கூட்டின் மேல் துப்பாக்கியின் அடையாளத்தைப் பொறிக்கும் மைக்ரோஸ்டாம்பிங். அந்தக் கடைசி நிபந்தனைப்படி எந்தக் கம்பெனியும் துப்பாக்கி செய்து விற்கவில்லை. ஏற்கெனவே உள்ளே இருந்தவை தப்பின, புதியவை வெளியே நின்றன. கிளாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் இருந்தது மூன்றாம் தலைமுறை. 2010-ல் நான்காவது வந்தது, 2017-ல் ஐந்தாவது வந்தது, இரண்டையும் கலிஃபோர்னியாக்காரர் கடையில் புதிதாக வாங்க முடியாது. போலீஸ்காரர் வாங்கலாம். முப்பது நாளைக்கு ஒரு கைத்துப்பாக்கிதான் என்று அப்போது இருந்த கட்டுப்பாடும் அவருக்கு இல்லை. துறைத்தலைவரின் கடிதம் இருந்தால் பத்து நாள் காத்திருப்பும் இல்லை.

அப்படி வாங்கியதை அவர் பிறகு ஒரு பொதுஜனத்துக்கு விற்கவும் வழி இருந்தது. விற்பவரும் வாங்குபவரும் லைசென்ஸ் பெற்ற கடைக்கு நேரில் வந்து, பின்னணிச் சோதனை முடிந்து, பத்து நாள் கழித்துக் கைமாற்றினால் சட்டப்படி சரி. இரண்டு சலுகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடையில் அறுநூறுக்கு எடுத்த பெட்டி பிரிக்காத பிஸ்டல், வேலிக்கு இந்தப் பக்கம் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்குக்குப் போகும். ஒருமுறை செய்தவருக்கு இரண்டாவது முறை கை கூசாது.

2017 மார்ச்சில் ஏடிஎஃப்பின் லாஸ் ஏஞ்சல்ஸ் அலுவலகம் தென் கலிஃபோர்னியா போலீஸ் தலைவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. துப்பாக்கிச் சட்டங்களைப் பார்த்துக்கொள்ளும் மத்திய அமைப்பு அது. பட்டியலுக்கு வெளியே உள்ள துப்பாக்கிகளைச் சில போலீஸ்காரர்கள் நூற்றுக்கு மேல் வாங்கியிருப்பதைக் கண்டதாகச் சொன்னது அந்தக் கடிதம். ஒரே ஆள் நூறு! அதற்கு முன்னும் பின்னும் வழக்குகள் வந்தன. சாக்ரமெண்டோவில் ஷெரிஃப் துறை என்னும் மாவட்டப் போலீஸில் ஒரு துணை அலுவலர், பாசடீனாவில் ஒரு லெஃப்டினன்ட், கார்டீனாவில் இரண்டு காவலர்கள்.

எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமாகப் படுவது சான் டியேகோ வழக்கு. அங்கே ஷெரிஃப் துறையில் கேப்டனாக இருந்த மார்கோ கார்மோ ஆறு வருடத்தில் ஏறக்குறைய 146 துப்பாக்கி வாங்கி, 104-ஐக் கைமாற்றியதாக ஒப்புக்கொண்டார். 2021-ல் இரண்டு வருடச் சிறை. லாபம் ஒரு நோக்கம். இன்னொன்றையும் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். தன் எதிர்காலத்துக்கு உதவக்கூடியவர்களின் தயவைச் சம்பாதிப்பது. ஷெரிஃப் பதவி அங்கே தேர்தலில் ஜெயித்து வருவது, அவருக்கு அதில் நிற்கும் எண்ணம் இருந்தது. கடையில் கிடைக்காத துப்பாக்கியை ஒரு பணக்காரருக்கு வாங்கிக் கொடுத்தால் அவர் நாளைக்கு நன்கொடை தருவார். நீங்கள் கேட்ட லஞ்சம் இதுதான், திசை மட்டும் மாறியிருக்கிறது. துப்பாக்கிக் காசை எடுக்க லஞ்சம் வாங்கவில்லை, துப்பாக்கியையே லஞ்சம்போலக் கொடுத்திருக்கிறார்.

இவர்கள் மாட்டிக்கொள்வதும் பெரும்பாலும் தங்கள் கையெழுத்தினாலேயே. கடை வழியாக நடந்த ஒவ்வொரு வாங்கலும் விற்பனையும் மாநிலப் பதிவில் தேதியோடு இருக்கிறது. ஒரே பேரை எடுத்து, வாங்கிய தேதிக்கும் விற்ற தேதிக்கும் நடுவே எத்தனை நாள் என்று பார்த்தாலே கதை தெரிந்துவிடும். மூன்று வருடம் வைத்திருந்து விற்றவர் ஒரு ரகம், மூன்று வாரத்தில் பெட்டியோடு விற்றவர் வேறு ரகம். இத்தனை விற்றால் வியாபாரி என்று மத்தியச் சட்டத்தில் எண்ணிக்கை எதுவும் இல்லை. லாபத்துக்காகத் திரும்பத் திரும்ப வாங்கி விற்கிறவருக்கு லைசென்ஸ் வேண்டும், அவ்வளவுதான். சொந்தச் சேகரிப்பைக் கழிப்பது குற்றமில்லை. இந்த மங்கலில்தான் பலர் துணிந்தார்கள். 2022-ல் அந்த வரையறையை இன்னும் இறுக்கிவிட்டார்கள்.

அப்படியானால் நம்மூர் போல அரசாங்கமே வாங்கிக் கொடுத்தால் ஒழுகாதா? ஒழுகும். ஜபல்பூரில் ராணுவ ஆயுதக் கிடங்கிலிருந்து கழித்துப்போட்ட ஏகே-47 பாகங்களை வெளியே கடத்தி, சேர்த்துப் பூட்டி, பீகாரின் முங்கேருக்கு விற்றது 2018-ல் பிடிபட்டது. கைதானவர்களில் ஓய்வுபெற்ற ஆர்மரர் ஒருவர் உண்டு. எல்லாம் அரசாங்கச் சொத்து. இந்தச் சான் டியேகோ கதைக்கு அச்சு அசலான இந்தியக் கதையும் இருக்கிறது. ராணுவ அதிகாரிகள் சலுகை விலையில் தங்கள் பேரில் எடுத்த கைத்துப்பாக்கிகள் ராஜஸ்தானின் ஸ்ரீகங்காநகர் பக்கம் வெளியாட்கள் கையில் இருந்தது 2007-ல் தெரியவந்து, விவகாரம் உச்சநீதிமன்றம் வரை போனது. எண்பதுகளில் இறக்குமதியை நிறுத்திய பிறகு நல்ல கைத்துப்பாக்கிக்கு இங்கே லட்சக்கணக்கில் விலை. இங்கேயும் வேலி, இங்கேயும் சலுகை, அதே லாபம்.

அமெரிக்கத் துறைகளே சொத்தாக வைத்திருக்கும் துப்பாக்கிக்கும் ஒரு ஓட்டை இருக்கிறது, இது ஊழல்கூட இல்லை. புதிது வாங்கும்போது பழையதைக் கடைக்காரரிடம் கொடுத்து விலையில் கழித்துக்கொள்வார்கள், நாம் பழைய மிக்ஸியைக் கொடுப்பதுபோல. அவை பொதுச் சந்தைக்குப் போகும். ஒரு காலத்தில் போலீஸிடம் இருந்த துப்பாக்கிகள் 2006-க்குப் பிறகு 52,000-க்கும் மேல் குற்றம் நடந்த இடங்களில் கிடைத்திருப்பதாக 2024-ல் பத்திரிகையாளர்கள் வெளிக்கொண்டுவந்தார்கள். ஆகவே துப்பாக்கி யார் பேரில் இருக்கிறது என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கையை விட்டுப் போகும்போது கணக்கு கேட்க ஆள் உண்டா என்பதைத்தான் பார்ப்பேன். துறைத்தலைவர் சலுகைக் கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன், இதே ஆளுக்கு இந்த வருடம் எத்தனை கடிதம் போனது என்று ஒரு நோட்டைப் புரட்டினாலே பாதி அடங்கிவிடும். கட்டுக்கட்டாகக் கொண்டுவருவதை நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போடும் அதிகாரியை எல்லா ஊரிலும் காணலாம்.

இனி உங்கள் விஷயம். துப்பாக்கிக் கடையில் 4473 என்று ஒரு படிவம் நிரப்ப வேண்டும். இதை உண்மையில் வாங்குவது நீதானா என்று அதில் ஒரு கேள்வி. 2009-ல் வர்ஜீனியாவில் முன்னாள் போலீஸ்காரர் ப்ரூஸ் அப்ராம்ஸ்கி அதற்கு ஆம் என்று எழுதி ஒரு கிளாக் 19 வாங்கினார். பழைய போலீஸ் அட்டையைக் காட்டினால் தள்ளுபடி. உண்மையில் அது பென்சில்வேனியாவில் இருந்த அவருடைய அங்கிளுக்கு. அங்கிள் முன்கூட்டியே 400 டாலருக்குக் காசோலை அனுப்பி, அதன் ஓரத்தில் 'கிளாக் 19 கைத்துப்பாக்கி' என்று குறிப்பும் எழுதியிருந்தார். அங்கிளுக்குத் துப்பாக்கி வைத்திருக்க எந்தத் தடையும் இல்லை. அவர் ஊரில் லைசென்ஸ் கடை வழியாக, சோதனை முடித்துத்தான் கைமாற்றினார்கள். ஒளிவு மறைவு கிடையாது. வேறொரு விசாரணைக்காக வீட்டைச் சோதனை போட்டபோது ரசீது அகப்பட்டது. உச்சநீதிமன்றம் 2014-ல் 5-க்கு 4 என்ற கணக்கில் அவர் பொய் சொன்னது குற்றமே என்றது. நம் பாஷையில் பினாமி வாங்கல். அடுத்தவர் பணத்தில் அடுத்தவருக்காக வாங்கிவிட்டு, வாங்குவது நான்தான் என்று எழுதினாரல்லவா, அதுதான் குற்றம்.

பணத்தை நீங்கள் கொடுத்தால் தப்பா என்று கேட்டீர்கள். நீங்கள் கொடுப்பதால்தான் தப்பு. மருமகன் தன் காசில் வாங்கி உண்மையாகவே பரிசாகத் தந்தால் மத்தியச் சட்டம் ஏற்கும். அப்போதும் கலிஃபோர்னியாவில் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, பிள்ளை, பேரன் என்ற நேர் வரிசைக்கும் கணவன் மனைவிக்கும்தான் கடைக்குப் போகாமல் கொடுக்கும் சலுகை. தாய்மாமனுக்குச் சீர்வரிசையில் என்ன இடம் இருந்தாலும் அந்தப் பட்டியலில் இடமில்லை, கடை வழியாகத்தான் போக வேண்டும். நீங்கள் இன்னும் எச்-1பி விசாவில் இருந்தால் பேச்சே இல்லை. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்கு தவிர, அந்த விசாக்காரர் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம், தெரிந்து கொடுத்தவருக்கும் குற்றம். கிரீன் கார்டு இருந்தால் நீங்களே கடைக்குப் போய் முழு விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

மருமகனிடம் இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள், பதவிப் பிரமாணம் எடுத்தாகிவிட்டதா என்று. அகாடமியில் பயிற்சியில் இருக்கும்போது பெரும்பாலான துறைகளில் அவர்கள் இன்னும் போலீஸ் ஆகவில்லை. அட்டையும் கடிதமும் கைக்கு வருமுன் தள்ளுபடியைப் பற்றிப் பேசுகிறான் என்றால் ஆள் கொஞ்சம் அவசரக்காரன்.